கேட்டதற்கு மட்டும் பதில்

காலையில் அனிஸ் எழுந்ததும் கெட்டிலில் தண்ணீர் வைப்பான். அது கொதிப்பதற்குள் பல் தேய்த்து முகம் கழுவிவிடுவான். குளியலறை ஐந்து பேருக்குப் பொது. அதனால் குளியலை முந்தைய மாலையே முடித்திருப்பான். ரொட்டித் துண்டில் ஹரீஸா மிளகாய் விழுதைத் தடவி நின்றபடியே தின்பான். ஹரீஸா டியூப் துனிஸிலிருந்து அவன் பெட்டியில் வந்தது. காபியைக் கலந்து, சர்க்கரை டப்பாவில் கைபேசியைச் சாய்த்து வைத்து, துனிஸில் இருக்கும் மனைவி நெஜ்லாவை அழைப்பான். கோடையில் அயர்லாந்துக்கும் துனிஸியாவுக்கும் கடிகாரம் ஒன்றுதான். அவளும் அப்போதுதான் எழுந்திருப்பாள். தலை வாரியிருக்க மாட்டாள். மாவுக்கட்டுப் போட்ட காலை எதிர் நாற்காலியில் நீட்டிக்கொண்டு, "நீதிமன்றம் கூடியாச்சா?" என்பாள்.

ஜூலை முழுவதும் இப்படித்தான் போனது. வகுப்பு முடிந்தபோது நெஜ்லா உயிரோடு இல்லை. அவள் அவனிடம் ஏதாவது சொன்னாளா என்று பிறகு அவள் வீட்டில் கேட்டார்கள். அவன் ஒரு பதில் சொன்னான். அந்தப் பதிலில் பொய் ஒன்றுமில்லை.

அது நான்கு வாரக் கோடை வகுப்பு. அயர்லாந்தின் கார்க் நகரத்தில், ஆற்றுக்கு மேல் மேட்டில், விடுமுறைக்குக் காலியான மாணவர் விடுதியில் தங்கவைத்து, வெளிநாட்டு இளம் வக்கீல்களுக்கு அந்த நாட்டு முறையில் வழக்காடக் கற்றுக்கொடுத்தார்கள். அனிஸ் துனிஸில் ஒரு பெரிய வக்கீலிடம் இளையவன். விண்ணப்பம் போட்டு, இரண்டு முறை மறுக்கப்பட்டு, மூன்றாம் முறை கிடைத்த இடம். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது நெஜ்லா மாடிப்படியில் கால் பிசகி விழுந்தாள். கணுக்காலில் எலும்பு கீறல் விட்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டுப் போட்டு, நடக்காதே என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"நான் போகல. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றான் அனிஸ்.

"அடுத்த வருஷமும் எங்கயாவது விழுவேன். உடைஞ்சது காலுதான், வாய் நல்லாத்தான் இருக்கு. போன்ல பேச வாய் போதும். கிளம்பு."

மஹ்தியாவிலிருந்து அவள் அம்மா ரஷீதா தினமும் கூப்பிட்டாள். இங்கே வந்துவிடு, கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார், வேளாவேளைக்குச் சோறு, அண்ணன் பக்கத்திலேயே இருக்கிறான் என்றாள். அண்ணன் லுத்ஃபி அங்கே மருந்துக்கடை வைத்திருந்தான். நெஜ்லா போகவில்லை. மூன்றாம் மாடி வீட்டில் தனியாகவே இருந்தாள். கீழ்வீட்டுக்காரி காய்கறி வாங்கி வந்து தந்தாள். போகாததற்குக் காரணம் அனிஸுக்குத் தெரியும். அவளே சொன்னாள்.

"அம்மா வீட்டு நெட் விழுந்து விழுந்து எந்திரிக்கும். உன் சாட்சி பாதிப் பேச்சுல வாயைத் திறந்தபடி உறைஞ்சு நிப்பா. அப்புறம் நீ எப்படி ஜெயிக்கறது?"

சாட்சி அவள்தான். வகுப்பில் எல்லோருக்கும் ஒரே வழக்கைக் கொடுத்திருந்தார்கள். பாலத்து முனையில் இரண்டு கார்கள் மோதிக்கொள்கின்றன. எந்தக் கார் சிவப்பு விளக்கைத் தாண்டியது என்பதுதான் கேள்வி. பார்த்த ஒரே ஆள் எதிரே பூக்கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி. அவளை வகுப்பின் கடைசி நாளன்று நிஜமான நீதிமன்றக் கூடத்தில் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். அனிஸ் வழக்குக் காகிதங்களைப் படம் பிடித்து நெஜ்லாவுக்கு அனுப்பினான். அவள் பூக்கடைக்காரி ஆனாள்; ஊரில் வக்கீலைக் கூப்பிடுகிற மாதிரி அவனை 'மெத்ர்' என்றாள்.

"சம்பவம் நடந்தப்ப நீங்க கடைக்குள்ள இருந்தீங்க. சரிதானே?"

"உள்ளதான் இருந்தேன் மெத்ர். ஆனா எனக்கும் பக்கத்துக் கசாப்புக்காரனுக்கும் ஒரு இது. அவன் வாசலுக்கு வந்தா நானும் வாசலுக்கு வருவேன்."

"நெஜ்லா, அது ஃபைல்ல இல்ல."

"ஃபைல்ல எப்படி இருக்கும்? அவன் பொண்டாட்டி எடுத்துப் படிச்சா?"

"ஒழுங்கா பதில் சொல்லு. விளக்கை எங்க இருந்து பார்த்தீங்க?"

"அவன் தோளுக்கு மேல எக்கிப் பார்த்தேன். அகலமான தோளு. உன்னை மாதிரி இல்ல."

அனிஸ் சிரித்து, காபியைக் காகிதத்தில் சிந்திவிட்டு, முதலிலிருந்து தொடங்குவான். அவள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லித்தருகிறவள். கோடை விடுமுறையில் காலைக் கட்டிக்கொண்டு கிடந்தவளுக்கு அந்த அரை மணிநேரம்தான் நாளின் நல்ல பகுதி. அவளே இதையும் சொல்லியிருந்தாள்.

வகுப்பில் கதை வேறாக இருந்தது. குறுக்கு விசாரணை சொல்லிக்கொடுத்தவர் கின்செல்லா என்ற வக்கீலம்மா. வற்றலான உடம்பு, தடித்த மூக்குக் கண்ணாடி. இரண்டாம் வாரத்தில் அனிஸை நிற்கவைத்தார். சாட்சிக் கூண்டில் இத்ரீஸ் உட்கார்ந்திருந்தான். அவன் ஃபெஸ் ஊர்க்காரன், பயிற்சி நீதிபதி, விடுதியில் அனிஸுக்கு அடுத்த அறை. அனிஸ் நன்றாகத்தான் ஆரம்பித்தான். நடுவில் ஓரிடத்தில், "ஏன் அப்படி நினைக்கறீங்க?" என்று கேட்டுவிட்டான். அவ்வளவுதான். இத்ரீஸ் பூக்கடைக்காரியின் கண் பார்வை, அவள் தாத்தாவின் கண் பார்வை, விளக்குக் கம்பத்தின் உயரம் என்று மூச்சு விடாமல் அளந்து தள்ளினான். அனிஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"மைக்கைச் சாட்சி கையில குடுத்துட்டீங்க அனிஸ்" என்றார் கின்செல்லா. "பதில் தெரியாத கேள்வியைக் கேக்காதீங்க. ஒரு கேள்விக்கு ஒரு விஷயம். ஏன், எப்படிங்கறதெல்லாம் வாய் தவறிக்கூட வரக் கூடாது. சாட்சி வேற எதையாவது சொல்ல வந்தா மரியாதையா நிறுத்துங்க. கேட்டதுக்கு மட்டும் பதில். நல்ல குறுக்கு விசாரணைல சாட்சி பேசறதே இல்ல. நீங்க பேசறீங்க, அவங்க தலையாட்டறாங்க."

"எங்க ஊர்ல இதுக்குக் கல்யாணம்னு பேரு மேடம்" என்றான் இத்ரீஸ் கூண்டிலிருந்து.

எல்லோரும் சிரித்தார்கள். அனிஸ் சிரிக்கவில்லை. அவனுக்கு உள்ளே வேறொன்று பற்றிக்கொண்டது. துனிஸில் வக்கீல் சாட்சியிடம் நேராகப் பேச முடியாது. எழுந்து நின்று, இன்ன கேள்வியைக் கேட்க வேண்டும் என்று நீதிபதியிடம் சொல்ல வேண்டும். நீதிபதிக்கு மனமிருந்தால் அதைத் தன் வார்த்தையில் கேட்பார். வக்கீல் சாணை பிடித்துக் கொண்டுவந்த கேள்வி அவர் வாயிலிருந்து மொண்ணையாக வெளியே வரும். சாட்சிக்கும் மூச்சு விட்டு யோசிக்க நேரம் கிடைத்துவிடும். ஐந்து வருடமாக அனிஸ் இப்படித்தான் அடுத்தவர் வாயால் கேட்டுக்கொண்டிருந்தான். இங்கே கேள்வி அவனுடையது, சாட்சி எதிரே, நடுவில் யாரும் இல்லை. இந்த வித்தையைக் கற்றுக்கொண்டுதான் ஊருக்குப் போவது என்று அன்று முடிவு செய்தான். ஊரில் அதற்கு ஒரு பயனும் இல்லை என்பது அப்போது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை.

மறுநாள் காலை நெஜ்லாவிடம் புதிய விதியைச் சொன்னான்.

"இனிமே ஆமா, இல்ல, அவ்வளவுதான். கசாப்புக்காரன் கிடையாது. நீ வேற எது சொன்னாலும் நிறுத்துவேன். கோவிச்சுக்கக் கூடாது."

"ஏழாங்கிளாஸ் பசங்ககிட்ட நான் கேக்கற மாதிரின்னு சொல்லு. மெஜெர்தா ஆறு கடல்ல சேருதா? ஆமா டீச்சர். உக்காரு."

"அதேதான்."

"பாவம் அந்தக் கசாப்புக்காரன்" என்றாள்.

அன்றிலிருந்து காலைகள் மாறின. அனிஸ் திரையைப் பார்ப்பதை விட்டுக் காகிதத்தைப் பார்த்தான். கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாக, மூச்சு இடைவெளி விடாமல் அடுக்கினான். அன்று மழை பெய்தது. ஆமா. கடைக் கண்ணாடியில் நீர் வழிந்துகொண்டிருந்தது. ஆமா. நீங்கள் பூங்கொத்துக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். ஆமா. அப்படியானால் உங்கள் கண் பூவில் இருந்தது. ஆமா. முதல் சில நாள் அவள் இடையிடையே எதையாவது நுழைக்கப் பார்த்தாள். "ஆமா, ஆனா..." என்று இழுப்பாள். "கேட்டதுக்கு மட்டும்" என்பான். பிறகு அவள் இழுப்பதை விட்டுவிட்டாள். ஆட்டம் அவளுக்குப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

சமையலறை மேசையிலிருந்து அவள் படுக்கைக்கு மாறியிருந்தாள். முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை. அதை அவன் பார்த்தான். எழுந்து நடக்கச் சோம்பல் என்று நினைத்தான். பதில்கள் மெதுவாக வரத் தொடங்கின. ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அவள் மூச்சை இழுத்து விடுவது கேட்கும். அதுவும் அவன் காதில் விழுந்தது. சாட்சி தயங்கும் இடம், இங்கே இன்னும் அழுத்தலாம் என்று மனதில் குறித்துக்கொண்டான்.

"என்ன மச்சான், பொண்டாட்டியைத் தினமும் கூண்டுல ஏத்தறியாமே?" என்று கேட்டான் இத்ரீஸ். சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் அவனுக்குக் கேட்கும்.

"அவளே ஆசைப்பட்டு ஏறினா."

"சாட்சிங்க எல்லாரும் அப்படித்தான் ஏறுவாங்க. எறங்கறப்பதான் தெரியும். என் பொண்டாட்டியா இருந்தா அந்தச் சர்க்கரை டப்பாவைத் தூக்கி மண்டைல போட்டிருப்பா."

"போன்லயா?"

"அவளுக்குப் போனெல்லாம் ஒரு தடையா?"

கடைசி நாள் வந்தது. காலையில் கெட்டில், பல், முகம், ரொட்டி. கழுத்துக்கு வெள்ளைப் பட்டை கட்டிக்கொண்டு, இரவல் கறுப்பு அங்கியைக் கதவில் மாட்டிவிட்டு, அனிஸ் நெஜ்லாவை அழைத்தான். அவள் முகம் வெளுத்திருந்தது. திரையின் வெளிச்சம் என்று நினைத்தான்.

"இன்னிக்குத்தான். ஒரே ஒரு தடவை, முழுசா, ஆரம்பத்துல இருந்து. சரியா?"

"அனிஸ், ஒரு நிமிஷம். என் காலு..."

"நெஜ்லா, ப்ளீஸ். நேரமில்ல. கேட்டதுக்கு மட்டும்."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு, பூக்கடைக்காரியின் குரலில், "ஆமா" என்றாள்.

அவன் கேள்விகளைத் தொடங்கினான். ஒன்று விடாமல் கேட்டான். அவள் ஒன்று விடாமல் ஆமா சொன்னாள். கடைசிக் கேள்விக்கு வரும்போது இத்ரீஸ் வெளியே கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். "வேற கேள்வி இல்லை" என்று அனிஸ் முடித்தான். அப்போது நெஜ்லா ஒன்று சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே விடை சொல்லி, அழைப்பைத் துண்டித்துவிட்டு, அங்கியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

நீதிமன்றக் கூடத்து வாசலில் ஒரு பிரம்புக் கூடை வைத்திருந்தார்கள். எல்லோரும் கைபேசியை அணைத்து அதில் போட வேண்டும். அனிஸ் போட்டான். பூக்கடைக்காரியாக நடிக்க ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியை வந்திருந்தார். கனிவான முகம். பேச ஆசைப்படுகிற முகம். அவர் வாயைத் திறந்த ஒவ்வொரு முறையும் அனிஸ் மரியாதையாக அடைத்தான். மழை, கண்ணாடி, பூங்கொத்து, கண். கடைசியில் அந்த அம்மாள் தான் விளக்கைப் பார்க்கவே இல்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டு, அது எப்படி நடந்தது என்று புரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தார். கூடமே சிரித்தது. நீதிபதி ஆசனத்திலிருந்த பெரியவர்கூட வாயைப் பொத்திக்கொண்டார்.

"இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணு பார்த்ததில்ல" என்றார் கின்செல்லா. "அந்தம்மாவுக்கு மூச்சு விடக்கூட இடம் குடுக்கல நீங்க."

இத்ரீஸ் அவனைத் தூக்கிச் சுற்றினான். நெஜ்லாவிடம் சொல்ல வேண்டும் என்று அனிஸ் கூடையில் கையை விட்டுத் தன் கைபேசியைத் தேடி எடுத்து உயிர் கொடுத்தான். லுத்ஃபியின் அழைப்புகள் வரிசையாக நின்றன. திரும்ப அழைத்தான். லுத்ஃபி சலாம் சொல்லவில்லை. நெஜ்லாவின் பெயரைச் சொல்லி, அதோடு 'அல்லாஹ் யர்ஹம்ஹா' என்று சேர்த்தான். உயிரோடு இருக்கிறவர்களுக்கு யாரும் அப்படிச் சொல்வதில்லை. அனிஸ் அங்கியைக் கழற்றாமல் படிக்கட்டில் உட்கார்ந்தான்.

காலில் இரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தது. அது நகர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது. காய்கறி கொண்டுவந்த கீழ்வீட்டுக்காரி கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, தன்னிடமிருந்த சாவியால் திறந்திருக்கிறாள். நெஜ்லா படுக்கையில் சாய்ந்தபடியே இருந்தாள். தலையணை இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

பாரிஸில் விமானம் மாற வேண்டும். கார்க்கிலிருந்து கிளம்பியது தாமதமாகி, அந்த விமானம் போய்விட்டது. மஹ்தியாவில் அடக்கத்துக்கு அவனுக்காக அஸர் தொழுகை வரை காத்திருந்தார்கள். ஆகஸ்டு வெயிலில் அதற்குமேல் முடியவில்லை. அனிஸ் பெட்டியை இழுத்துக்கொண்டு தெருவில் நுழைந்தபோது, கடலோரக் கல்லறையிலிருந்து ஆண்கள் செருப்பில் மண்ணோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராக அவனைக் கட்டிக்கொண்டார்கள். ஒருவர் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

ரஷீதா உள்ளறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அனிஸைப் பக்கத்தில் உட்காரவைத்து அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். லுத்ஃபி கதவோரம் நின்றான்.

"என் தப்புதான் மகனே" என்றாள். "போன் பண்ணினா. கெண்டைக்கால் கனக்குதும்மா, கட்டுக்கு மேல வீங்கின மாதிரி இருக்குதுன்னு சொன்னா. நான் அப்ப மீன் ஆஞ்சுக்கிட்டிருந்தேன். எண்ணெயைச் சூடு பண்ணித் தேய்ச்சு விடு, காலைத் தூக்கி வைன்னு சொன்னேன். இவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு நினைச்சேன். கையைக் கழுவினதும் மறந்தே போச்சு."

லுத்ஃபியின் தாடை இறுகுவதை அனிஸ் பார்த்தான்.

"ஒரு வார்த்தைம்மா" என்றான் லுத்ஃபி. "ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே வண்டியை எடுத்திருப்பேன். வீக்கம்னு கேட்டா மருந்துக்கடைப் பையனுக்குக்கூடத் தெரியும்." அனிஸ் பக்கம் திரும்பினான். "உன்கிட்ட ஏதாவது சொன்னாளா? வலிக்குதுன்னு, வீங்கியிருக்குதுன்னு?"

அனிஸ் அந்தக் கேள்வியின் வார்த்தைகளை மட்டும் கவனித்தான். வலி என்று அவள் சொல்லவில்லை. வீக்கம் என்றும் சொல்லவில்லை.

"இல்ல" என்றான்.

"பாத்தியா" என்றாள் ரஷீதா, அவன் கையை இறுக்கிக்கொண்டு. "தூரத்துல இருக்கறவன் பயப்படக் கூடாதுன்னு உன்கிட்டயும் மறைச்சிருக்கா. தெரிஞ்சது எனக்கு மட்டும்தான்."

அவன் கையை அவள் வெகுநேரம் விடவில்லை. அவனும் உருவிக்கொள்ளவில்லை.

அதன்பின் துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் ரஷீதா இதையே சொன்னாள். மீன், எண்ணெய், மறதி. யாரும் கேட்காமலே சொன்னாள். வந்தவர்கள் விதி என்றார்கள், அழைப்பு வந்துவிட்டது என்றார்கள். அவள் தலையை ஆட்டி, இல்லை, எனக்குத் தெரியும், என்கிட்டதான் சொன்னாள் என்பாள். லுத்ஃபி அம்மா வீட்டுக்கு வருவதைக் குறைத்தான். வந்தாலும் நின்றபடியே கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போவான். மீன் வாங்குவதை ரஷீதா நிறுத்திவிட்டதாகக் கேள்வி.

அனிஸ் துனிஸுக்குத் திரும்பி வேலைக்குப் போனான். சாட்சியிடம் ஒன்று கேட்க வேண்டுமென்றால் எழுந்து நீதிபதியிடம் சொன்னான். நீதிபதி கேட்டார்.

"அங்க போய் என்னடா கத்துக்கிட்டு வந்தே?" என்று அவனுடைய பெரிய வக்கீல் ஒருநாள் கேட்டார். துக்கத்திலிருந்து அவனைக் கிளப்பிவிட வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான்.

"குறுக்கு விசாரணை, மெத்ர்."

"அட, அதை இங்க யார்கிட்ட பண்ணுவே? பொண்டா..." என்று சொல்லிக்கொண்டே போனவர் பாதியில் நிறுத்தி, மேசைமேல் எதையோ தேடினார்.

நாற்பதாம் நாள் மஹ்தியாவில் குர்ஆன் ஓதி, ஆட்டுக்கறியும் கொண்டைக்கடலையும் போட்டு குஸ்குஸ் ஆக்கினார்கள். ஓதியவர்கள் சாப்பிட்டுப் போனார்கள். அக்கம்பக்கத்துக்குத் தட்டுகள் போயின. பிற்பகலில் வீட்டில் ரஷீதாவும் லுத்ஃபியும் அனிஸும், ஸூஸிலிருந்து தாமதமாக வந்த ஒரு சித்தியும்தான் மிச்சம். சித்திக்கு முதலிலிருந்து எல்லாம் தெரிய வேண்டியிருந்தது.

"எப்படித்தான் ஆச்சு அக்கா? கால் ஒடிஞ்சதுக்கெல்லாமா உயிர் போகும்?"

"அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. என்கிட்டதான் சொன்னா. நான் அப்ப மீன்..."

"அம்மா, போதும்" என்றான் லுத்ஃபி. முன்னால் வைத்த தட்டை அவன் தொடவே இல்லை.

"நீ சாப்பிடு."

"வேண்டாம்."

"ரெண்டு வாய்."

"வேண்டாம்னேன்." எழுந்துகொண்டான்.

ரஷீதா அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு சித்தியிடம் திரும்பி, அவள் கேட்காமலே, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். கெண்டைக்கால் கனக்குதுன்னு என்கிட்ட மட்டும்தான் சொன்னா. எண்ணெயைச் சூடு பண்ணுன்னு சொன்னேன்.

"உங்ககிட்ட மட்டும் இல்லம்மா" என்றான் அனிஸ்.

அவள் நிறுத்தினாள். லுத்ஃபி வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றான்.

"என்கிட்டயும் சொல்ல வந்தா. போன அன்னிக்குக் காலைல. 'என் காலு'ன்னு ஆரம்பிச்சா. நான் சொல்ல விடல."

"நான் கேட்டேனே" என்றான் லுத்ஃபி. குரல் உயரவில்லை. "இங்கதான் நின்னு கேட்டேன். நீ இல்லன்னே."

"வலிக்குதுன்னு சொன்னாளான்னு கேட்ட. வலின்னு அவ சொல்லல."

"த்தூ. இதுக்குப் பேரு வக்கீல் படிப்பா?" லுத்ஃபி உள்ளே வந்தான். அனிஸின் சட்டையைப் பிடிக்கப்போகிறவன்போல வந்து, எதிரே நின்று, கையை என்ன செய்வது என்று தெரியாமல் தொங்கவிட்டான். "நாற்பது நாளா இந்தம்மா மூஞ்சியைப் பாக்காம இருக்கேன் நான். தெரியுமா உனக்கு? நாற்பது நாளா."

"தெரியும்."

"தெரிஞ்சும்?"

சித்தி எழுந்து சமையலறைப் பக்கம் போனாள்.

ரஷீதா மட்டும் கோபப்படவில்லை. அவள் அனிஸை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெஜ்லா சொன்ன எல்லாமே தனக்குத் தெரியும், இனிமேல் புதிதாக ஒரு சொல்லும் வராது என்று இருந்தவள். இப்போது இவனிடம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

"ஏன் விடல?" என்று கேட்டாள். "அப்படி என்ன பேசிக்கிட்டிருந்தீங்க?"

அவன் சொன்னான். பூக்கடைக்காரி, கசாப்புக்காரன், சிவப்பு விளக்கு. ஆமா, இல்லை என்ற விதி. கசாப்புக்காரனின் தோள் வந்த இடத்தில் ரஷீதாவின் உதடு ஒரு பக்கம் கோணியது. லுத்ஃபி சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான்.

"'என் காலு'ன்னு சொன்னா. நீ நிறுத்தினே. அப்புறம்?"

"நான் கேட்டதுக்கெல்லாம் ஆமா சொன்னா."

"எல்லாத்துக்கும்?"

"எல்லாத்துக்கும்."

"அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லலயா? சும்மாவா வெச்சுட்டா போனை? அவ அப்படி வெக்கறவ இல்லையே."

அனிஸ் தரையைப் பார்த்தான். இத்ரீஸ் கதவைத் தட்டியது, கையில் அங்கி, வேறு கேள்வி இல்லை என்று தான் சொன்னது. அவள் தலையணையிலிருந்து கொஞ்சம் எழுந்து, மூச்சைச் சேர்த்துக்கொண்டு, சிரித்த முகமாகத்தான் அதைச் சொன்னாள். சாட்சி கேள்வி கேட்கக் கூடாது என்று அவனும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தினான்.

"சொல்லு மகனே. கடைசியா என்ன சொன்னா?"

"'என் முறை முடிஞ்சுதுல்ல மெத்ர், இப்ப நான் உன்னை ஒண்ணு கேக்கலாமா?'ன்னு கேட்டா."